நாணிலிருந்து மடிப்புக்கு: ‘சைன்’ என்னும் கணிதச் சொல்லின் ஐரோப்பிய வடிவங்கள்

முன்னுரை

முக்கோணவியலில் மாணவர் முதலில் சந்திக்கும் சொல் ‘சைன்’. தமிழகப் பாடநூல்கள் ஆங்கில ஒலிப்பை அப்படியே எழுத்துப்பெயர்த்து இச்சொல்லை வழங்குகின்றன. இதன் மூலமான இலத்தீன் ‘சினுஸ்’ என்னும் சொல்லுக்கும் அதன் வழிவந்த ஐரோப்பியச் சொற்களுக்கும் ஆடையின் மடிப்பு, மார்பு, வளைகுடா, எலும்பின் உட்குழிவு எனப் பல பொருள்கள் உண்டு. செங்கோண முக்கோணத்தின் பக்கத்தோடு இவற்றுள் எதற்கும் தொடர்பு இல்லை.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கம் யாவரும் அறிந்ததே. வடமொழி ‘ஜீவா’ அரபியில் ‘ஜீபா’ ஆயிற்று. இலத்தீனில் பெயர்த்தவர் அதை ‘ஜைப்’ என்று பிழையாகப் படித்து, ‘மார்பு’ எனப் பொருள்கொண்டு ‘சினுஸ்’ என்று எழுதினார். கணித வரலாற்றின் புகழ்பெற்ற மொழிபெயர்ப்புப் பிழை அது என்பர். இவ்விளக்கம் பாதியே உண்மை. இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் தம் முன்னிருந்த சொல்லைச் சரியாகவே பெயர்த்தார் என்பதும், மாற்றம் அவருக்கு முன்பே அரபு எழுத்திலும் அரபு வழக்கிலும் நிகழ்ந்துவிட்டது என்பதும், அம்மாற்றத்தால் ஒரு பயன் விளைந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. கலைச்சொல்லாக்கத்தில் எழுத்துப்பெயர்ப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் இடையே தமிழில் இன்றும் நடக்கும் வழக்குக்கு இவ்வரலாறு ஒரு சான்றாவணம்.

நாணும் அரைநாணும்

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி தம் ‘அல்மகெஸ்ட்’ நூலில், 60 அலகு ஆரமுள்ள வட்டத்துக்கு அரைப்பாகை இடைவெளியில் நாண் அட்டவணை அமைத்தார். நாணுக்கு அவர் ஆண்ட சொல் ‘எவ்தெய்யா’. நேர்கோடு என்பதே அதன் பொருள். வட்டவில்லை ‘பெரிபெரெய்யா’, அதாவது சுற்றுவரை என்றார். ஆகவே தாலமியின் கலைச்சொற்களில் வில்லும் இல்லை, நாணும் இல்லை.

தாலமியின் அட்டவணையைக் கொண்டு செங்கோண முக்கோணத்தைத் தீர்ப்பவர் கோணத்தை இரட்டித்து, அதற்குரிய நாணைக் கண்டு, அதைப் பாதியாக்க வேண்டும். இந்திய வானியலார் இந்த உழைப்பை நீக்கினர். முழு நாணை விட்டு அரைநாணையே அட்டவணையாக்கினர். கி.பி. 499-ஐச் சார்ந்த ஆரியபடீயம் கால்வட்டத்தை 24 கூறுகளாக்கி, 3438 கலைகளை ஆரமாகக் கொண்டு, அடுத்தடுத்த அரைநாண்களின் வேறுபாடுகளை 225, 224, 222, 219 என்று தருகிறது. முதல் எட்டு வேறுபாடுகளைக் கூட்டினால் 1719 வரும். 30 பாகைக்குரிய அரைநாண் அது, 3438-இல் சரிபாதி.

இதன் பெயர் ‘அர்த்தஜ்யா’. ஜ்யா என்பது வில்லின் நாண். அர்த்தம் என்பது பாதி. அரைநாணையே எப்போதும் பயன்படுத்தியதால் ‘அர்த்த’ என்னும் அடை தேய்ந்து, ‘ஜ்யா’ என்றாலே அரைநாணைக் குறிக்கலாயிற்று. ‘ஜீவா’ இதன் ஒருபொருட்சொல். வட்டப்பகுதி ‘சாபம்’ அல்லது ‘தனுசு’, அதாவது வில். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்குச் செல்லும் கோடு ‘சரம்’, அதாவது அம்பு. வில், நாண், அம்பு என மூன்றும் ஒரே உருவகத்திற்குள் அடங்கிய சொற்குடும்பம் இது. இதை மனத்தில் கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்தது இக்குடும்பத்தின் பிரிவு.

இடையே ஒன்று கூறத் தகும். வில்நாணைக் குறிக்கும் ‘ஜீவா’வும் உயிரைக் குறிக்கும் ‘ஜீவ’வும் ஒலியால் நெருங்கியவை. ‘ஜ்யா’வுக்கு இனமான கிரேக்கச் சொல் ‘பியொஸ்’ வில்லைக் குறிக்கும். அழுத்தம் மாறினால் அதே ஒலி வாழ்வைக் குறிக்கும். ஹெராக்ளிட்டஸ் இவ்விரண்டையும் வைத்துச் சொல்விளையாட்டு நிகழ்த்தியிருக்கிறார். ஒப்பொலிச் சொற்களின் குறுக்கீடு இச்சொல்லின் பிறப்பிலேயே கலந்திருக்கிறது போலும்.

அரபு எழுத்தில் நிகழ்ந்தது

8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கலீபா அல் மன்சூரின் பாக்தாத் அவை வழியாக இந்திய வானியல் அரபியில் புகுந்தது. ‘சிந்துஹிந்த்’ என்னும் பெயர் தாங்கிய அட்டவணை நூல்கள் அதன் விளைவு. ‘ஜீவா’ என்னும் சொல் அங்கே ஒலியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. அரபியில் வகர ஒலி இல்லாமையால் பகரம் வந்தது. எழுத்தில் நின்றவை ஜீம், யா, பா என்னும் மூன்றே. ‘யா’ என்னும் எழுத்து நெடில் ஈகாரத்துக்கும் உரியது. ஐகார ஒலிக்கும் உரியது. உயிர்க்குறிகள் இடாத எழுத்து வழக்கில் ‘ஜீப்’ என்றும் ‘ஜைப்’ என்றும் அதைப் படிக்கலாம். புள்ளியிடாத ஏட்டில் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்றாகத் தோன்றுவதைக் கண்டு பழகிய சுவடிப் பதிப்பாசிரியர்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

பொருளற்ற அயலொலி ஒருபுறம். அன்றாடம் வழங்கும் சொல் மறுபுறம். ‘ஜைப்’ என்பது அரபியில் சட்டையின் கழுத்துத் திறப்பையும், அதன் உள்ளே மார்பை ஒட்டிய பகுதியையும் குறிக்கும். படிப்பவர் கண் பழகிய சொல்லையே கண்டது. இது வெறும் ஊகம் அன்று என்பதற்குப் பன்மை வடிவம் சான்று. அரபுக் கணிதர்கள் சைன்களின் அட்டவணையைக் குறிக்க ‘ஜுயூப்’ என்னும் பன்மையை ஆண்டனர். அரபு இலக்கணத்தில் ‘ஜைப்’ என்னும் இயற்சொல் ஏற்கும் பன்மை அது. அயற்சொல்லாகவே கருதியிருந்தால் அதனை இவ்வச்சில் வார்த்திருக்கமாட்டார்கள். அதற்காக மூலத்தை மறந்தவர் எல்லாரும் என்று கொள்ளலாகாது. வடமொழி கற்ற அல் பிரூனி, இந்தியர் வழக்கில் ‘ஜீவா’ நாணையே குறிக்கும் என்பதை அறிந்திருந்தார்.

இங்கு ஒரு வினா எழும். அரபியில் வில்நாணுக்குச் சொல் இல்லையா? உண்டு, ‘வத்தர்’. வில்லுக்கு ‘கவ்ஸ்’, அம்புக்கு ‘சஹ்ம்’ என்னும் சொற்களும் இருந்தன. அரபு வானியலார் வட்டவில்லைக் கவ்ஸ் என்றும், சரத்தைச் சஹ்ம் என்றும் வழங்கினர். இவை ஒலியால் அன்றிப் பொருளால் நின்றவை. ஜீவா மட்டும் ஏன் ஒலியாக நின்றது? காரணம், ‘வத்தர்’ என்னும் இருக்கை ஏற்கெனவே நிரம்பிவிட்டது. தாலமியின் நூலும் அரபியில் பெயர்க்கப்பட்டது; அவருடைய முழு நாணுக்கு ‘வத்தர்’ உரியதாயிற்று. ஒரே நூலில் முழு நாணையும் அரைநாணையும் பேச வேண்டியவருக்கு இரண்டு பெயர்கள் தேவை. அயலொலி அத்தேவையை நிறைவேற்றியது. பொருள் தொலைந்த சொல்லே குழப்பமற்ற கலைச்சொல்லாயிற்று என்பது இவ்வரலாற்றின் முரண்.

இலத்தீன் எடுத்த சொல்

12-ஆம் நூற்றாண்டில் அரபு வானியல் இலத்தீனுக்கு வந்தபோது மொழிபெயர்ப்பாளர்கள் மூவகையாக நடந்துகொண்டனர். அல் குவாரிஸ்மியின் அட்டவணை நூலைப் பெயர்த்த பாத் நகர அடெலார்டு அரபுச் சொல்லையே இலத்தீன் எழுத்தில் எழுதினார். அல் பத்தானியைப் பெயர்த்த டிவோலி நகர பிளேட்டோ ‘கோர்டா’, அதாவது நாண் என்றே குறித்தார். மூன்றாம் வழியே நிலைத்தது: ‘ஜைப்’ என்பதன் பொருளை இலத்தீனில் தருவது. இதனை முதலில் செய்தவர் டொலேடோவில் பணியாற்றி 1187-இல் மறைந்த கிரெமோனா நகர ஜெரார்டா, அவருக்குச் சற்று முற்பட்ட செஸ்டர் நகர ராபர்ட்டா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் வாதத்துக்கு யார் என்பது முதன்மையன்று.

முதன்மையானது, ‘சினுஸ்’ எத்துணைப் பொருத்தமான பெயர்ப்பு என்பதே. உரோமர் ‘டோகா’ என்னும் போர்வையை உடலைச் சுற்றி உடுத்தும்போது மார்பின் குறுக்கே தொங்கும் மடிப்புக்கு ‘சினுஸ்’ என்று பெயர். அம்மடிப்பில் பொருள்களை வைத்துக்கொள்வதும் வழக்கம். அதிலிருந்து மார்பு, அணைப்பு, நிலத்தின் அணைப்புக்குள் புகுந்த கடலாகிய வளைகுடா எனப் பொருள்கள் கிளைத்தன. ‘ஜைப்’ என்பதன் ஆடைப்பொருளும் மார்புப்பொருளும் ஒருங்கே அமைந்த இலத்தீன் சொல் இதனினும் வேறு இல்லை. இப்பெயர்ப்பைப் பிழை என்பது நீதியன்று.

ஆயின் விளைவைப் பாருங்கள். இலத்தீன் கணிதத்தில் ‘ஆர்குஸ்’ வில்; ‘கோர்டா’ நாண்; ‘சகிட்டா’ அம்பு. இந்நிரையில் ‘சினுஸ்’ மட்டும் உறவற்று நிற்கிறது. பொருளால் பெயர்ந்த வில்லும் அம்பும் குடும்பத்தோடு இருக்கின்றன. ஒலியால் பெயர்ந்த ஒன்று மட்டும் ஆடை மடிப்பாயிற்று. இன்றும் பிரெஞ்சில் ‘பிளேஷ்’, இத்தாலியத்தில் ‘பிரெச்சா’, உருசியத்தில் ‘ஸ்திரெலா’ என்னும் அம்புச் சொற்கள், சுமையால் வளையும் உத்திரத்தின் தாழ்வை அளக்கும் பொறியியற் சொற்களாக வாழ்கின்றன.

‘சினுஸ்’ எளிதில் வென்றுவிடவும் இல்லை. 1464-ஐ ஒட்டி எழுதப்பெற்று 1533-இல் அச்சான ரெஜியோமொண்டானஸின் முக்கோண நூல் அதை ஆண்டது. ஆனால் 1543-இல் வெளிவந்த கோபர்னிக்கஸின் பெருநூல் அச்சொல்லைத் தவிர்த்து, இருமடங்கு வில்லைத் தாங்கும் நாணின் பாதி என்று சுற்றிவளைத்துச் சொன்னது. அவர் மாணவர் ரெட்டிக்கஸ் 1551-இல் வெளியிட்ட அட்டவணையில் செங்குத்து, அடி என்னும் பக்கப் பெயர்களையே வைத்தார். செவ்விய இலத்தீனை நாடிய மறுமலர்ச்சிக் காலத்தவர்க்குக் கணித ‘சினுஸ்’ உறுத்தியிருக்க வேண்டும். ‘பொறிக்கப்பட்டதன் பாதி’ என்னும் பொருளுள்ள இலத்தீன் தொடரின் சுருக்கமே ‘சினுஸ்’ என்று ஒரு பழைய ஊகமும் உண்டு. பொருளற்ற சொல்லுக்குப் பொருள் தேடும் மனத்தின் கைவேலை என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

ஐரோப்பிய மொழிகளில் கிளைத்த வடிவங்கள்

இலத்தீனிலிருந்து பிறந்த மொழிகளின் நிலையைத் தமிழ் இலக்கணத்தின் தற்சமம், தற்பவம் என்னும் பாகுபாட்டைக் கொண்டு நன்கு விளக்கலாம். பிரெஞ்சில் ‘சினுஸ்’ மக்கள் வாயில் தேய்ந்து ‘சேன்’ ஆகி மார்பைக் குறிக்கிறது, இது தற்பவம். கணிதரும் மருத்துவரும் இலத்தீன் வடிவத்தை மாற்றமின்றி மீண்டும் கடன்கொண்டு முறையே சைனையும் மூக்கை ஒட்டிய எலும்புக்குழிவையும் குறித்தனர், இது தற்சமம். ருமேனிய மொழியிலும் மார்பு தற்பவமாகவும் சைன் தற்சமமாகவும் பிரிந்துள்ளன. போர்த்துகீசியத்தில் ‘செயு’ மார்பு, ‘செனு’ சைன். மூலம் ஒன்றே, வடிவம் இரண்டு.

எசுப்பானியமும் இத்தாலியமும் அவ்வாறு பிரித்துக்கொள்ளவில்லை. இரண்டிலும் ‘செனோ’ என்பதே மார்பு; அதுவே சைன். இந்நாட்டு வகுப்பறைகளில் முக்கோணவியல் பாடம் தொடங்கும்போது மாணவரிடையே எழும் சிரிப்பை ஊகிப்பது அரிதன்று. எசுப்பானிய, போர்த்துகீசியப் பாடநூல்கள் சுருக்கத்தையும் ‘சென்’ என்றே எழுதுகின்றன.

செருமானியம், டச்சு, சுவீடியம், போலியம், உருசியம் ஆகியன இலத்தீன் வடிவத்தைத் தத்தம் எழுத்தில் வைத்துக்கொண்டன, சொல்வதற்கு அதிகமில்லை. பின்னியத்தில் அது ‘சினி’ எனச் சுருங்கி, நீலத்தைக் குறிக்கும் தாய்மொழிச் சொல்லோடு ஒலியொத்தது, முற்றிலும் தற்செயல். ஆங்கிலத்தில் 1593-இல் தாமஸ் ஃபேல் எழுதிய சூரியக் கடிகார நூல் இச்சொல்லின் தொடக்கப் பதிவு. ஈறு கெட்டு ‘சைன்’ ஆனதால், உடற்கூற்றியலின் ‘சைனஸ்’ என்பதிலிருந்து அது வடிவால் விலகியது. வளைவைக் குறிக்கும் இலத்தீன் வேரோடு சேர்த்து, அலைவடிவம் கொண்டதால் இப்பெயர் வந்தது என்று எண்ணுவாரும் உளர். இதனைக் காலமே மறுக்கும். ரொபெர்வால் அவ்வளைகோட்டை வரைந்தது 17-ஆம் நூற்றாண்டில். பெயரோ ஐந்நூறு ஆண்டு முந்தியது.

தனித்து நிற்பது கிரேக்கம். இன்றைய கிரேக்கப் பாடநூல்கள் சைனை ‘இமித்தொனோ’ என்கின்றன. ‘இமி’ பாதி, ‘தொனொஸ்’ இழுத்துக் கட்டப்பட்டது, விறைத்த கயிறு. அதாவது அரைநாண். இலத்தீன் மடிப்பை ஏற்காமல், ‘அர்த்தஜ்யா’வின் பொருளை அப்படியே கிரேக்க வேர்களால் மீட்டிருக்கிறார்கள். உலகெங்கும் ‘சின்’ என்று எழுதும் சமன்பாட்டைக் கிரேக்க மாணவர் ‘இம்’ என்னும் இரண்டெழுத்தால் எழுதுகிறார். இதற்கும் ஓர் இடர் நேர்ந்தது: ‘தொனொஸ்’ இசைச் சுரத்தையும் குறிக்குமாதலால் அரைநாணும் அரைச்சுரமும் ஒன்றாகிவிடும். இசைக்கு ‘இமித்தோனியோ’ என ஈறு மாற்றி வேறுபடுத்திக்கொண்டனர்.

‘ஜைப்’ ஐரோப்பாவுக்கு இன்னொரு வாயிலாலும் வந்தது. கணிதத்தோடு தொடர்பற்ற ஆடைச்சொல்லாகத் துருக்கியில் அது ‘ஜெப்’ ஆகிச் சட்டைப்பையைக் குறித்தது. உதுமானியர் ஆட்சியில் அச்சொல் பால்கன் மொழிகளில் பரவியது: செர்பியத்தில் ‘ஜெப்’, பல்கேரியத்தில் ‘ஜோப்’, அல்பேனியத்தில் ‘ஜெப்’, கிரேக்கத்தில் ‘த்செப்பி’. மேற்கு வாயிலில் டொலேடோ வழியே பொருளாக நுழைந்தது கணிதம் ஆயிற்று. கிழக்கு வாயிலில் ஒலியாக நுழைந்தது சட்டைப்பை ஆயிற்று.

‘கோ’ என்னும் முன்னொட்டு

‘கோசைன்’ என்பதன் முதலசை வடமொழிக் ‘கோடிஜ்யா’விலிருந்து வந்தது என்னும் கருத்து நம் நாட்டில் பரவலாகக் கேட்கப்படுகிறது. கோடிஜ்யா உண்மையான சொல். அது குறிப்பதும் கோசைனையே. ஆயினும் சொற்பிறப்பு அதுவன்று. இலத்தீனில் இதன் பெயர் ‘நிரப்புகோணத்தின் சினுஸ்’. எட்மண்ட் கன்டர் 1620-இல் வெளியிட்ட அட்டவணையில், நிரப்புகோணத்தைக் குறிக்கும் ‘காம்ப்ளிமெண்டி’ என்னும் சொல்லின் முதலசையை மட்டும் முன்னொட்டாக்கினார். அதே முன்னொட்டு கோடேன்ஜென்ட்டிலும் வருகிறது. டேன்ஜென்ட் என்பதோ தாமஸ் ஃபின்கே 1583-இல் தொடுகோடு என்னும் பொருளில் வைத்த இலத்தீன் பெயர். அதற்கு இந்திய மூலம் இல்லை. ஒலியொப்புமையை மட்டும் கொண்டு உறவு காட்டுவது எவ்வளவு ஏமாற்றக்கூடும் என்பதற்கு ‘ஜைப்’ ஒரு சான்று. கோடிஜ்யா இரண்டாம் சான்று. உண்மையான உறவு சைனில் இருக்கும்போது கற்பனை உறவைக் கோசைனில் தேட வேண்டியதில்லை.

தமிழில் இச்சொல்

‘ஜைப்’ தமிழுக்கும் இருமுறை வந்துள்ளது. அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது ‘ஜேபி’, ‘ஜேப்பு’. ஜேப்படித் திருடன் என்னும் தொடரில் அது இன்றும் நிற்கிறது. இலத்தீன், ஆங்கிலம் வழியாக வந்தது ‘சைன்’. மூக்கடைப்புக்கு மருத்துவரிடம் செல்பவர் சொல்லும் ‘சைனஸ்’ என்பதும் அதே இலத்தீன் சொல்லே, ஆனால் அது ‘ஜைப்’ வழி வந்ததன்று.

வட்டத்தின் ‘ஆர்க்’, ‘கார்டு’ இரண்டையும் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் வில், நாண் என்றே பெயர்த்துள்ளது. குடும்பத்தில் இருவரைச் சேர்த்துக்கொண்டு, அதே குடும்பத்தில் பிறந்த சைனை மட்டும் அயலொலியாக வெளியே நிறுத்தியிருக்கிறோம். பாக்தாதில் நடந்ததும் இதுவே, காரணமும் இதுவே. ‘நாண்’ என்னும் இருக்கை முழு நாணுக்குத் தரப்பட்டுவிட்டது.

கிரேக்கரைப் போல ‘அரைநாண்’ என்று ஆக்கலாமே எனின், அங்கே தமிழின் சொந்த ஒப்பொலி குறுக்கிடுகிறது. ‘அரை’ பாதி; ‘அரை’ இடுப்பு. அரைநாண் என்றதும் தமிழர் மனத்தில் தோன்றுவது குழந்தையின் இடுப்பில் கட்டும் அரைஞாண் கயிறே. ‘நாண்’ தனித்து நின்றாலும் இடர் தீராது: திருக்குறளின் 102-ஆம் அதிகாரமான நாணுடைமை சொல்லும் நாண் வேறு. தமிழ்க் கணித நூல் ஒன்றை உரிய சூழலறியாத அயலார் பெயர்த்திருந்தால், சைன் உலகமொழி ஒன்றில் ‘வெட்கம்’ என்றோ ‘இடுப்புக் கயிறு’ என்றோ வழங்கியிருக்கக்கூடும். டொலேடோ மொழிபெயர்ப்பாளரை எள்ளுமுன் இதை எண்ணிப்பார்க்கலாம்.

ஒரு வழி உண்டு. நாணின் பழைய வடிவம் ‘ஞாண்’. போர்த்துகீசியர் ஒரே மூலத்தின் இரு வடிவங்களை மார்புக்கும் சைனுக்கும் பங்கிட்டதுபோல, முழு நாணுக்கு நாண் என்பதையும் அரைநாணுக்கு ஞாண் என்பதையும் வரையறுத்துக்கொள்ளலாம். வில், நாண், ஞாண், அம்பு எனக் குடும்பம் மீண்டும் கூடும். இதற்கு வரக்கூடிய தடைகள் இரண்டு. பேச்சில் இரண்டன் ஒலியும் நெருங்கி நிற்பதால் வகுப்பறையில் செவிவழிக் குழப்பம் நேரலாம். மலையாளப் பாடநூல்கள் ‘ஞாண்’ என்பதையே முழு நாணுக்கு வழங்குகின்றன. 16-ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுந்த யுக்திபாஷை முதலிய கேரளக் கணித நூல்களோடு தமிழ் நூல்களை ஒப்பிட்டுப் பயில்வோர்க்கு அது தலைகீழாகத் தோன்றும். முதல் தடையை எழுத்துவழக்கு பெரிதும் நீக்கிவிடும். இரண்டாம் தடையே வலியது.